தீவனத்தில் எண்ணெய், கறியில் கொழுப்பு

புனே வீடுகளில் ஜவஸ் சட்னி பழகிய பண்டம். வறுத்த ஆளி விதையை மிளகாய், பூண்டு, உப்போடு இடித்த பொடி அது. அதே விதையைக் கோழிக்கும் கொடுத்து, ஒமேகா-3 கொழுப்பு கூடிய முட்டைக்கும் கறிக்கும் வழி தேடினார்கள் அந்நகரின் பாரதி வித்யாபீட ஆய்வாளர்கள்.

எப்படி நடக்கிறது இது? ஆடு, மாடு தின்னும் தீவனத்தின் கொழுப்பை, வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் பெருமளவு மாற்றிவிடும். அசைபோடாத கோழிக்கு அந்த இடைத்தரகர் இல்லை. தின்ற எண்ணெயின் கொழுப்பு அமிலங்கள் பெரிதும் மாறாமலே தசையிலும் தோலடியிலும் படிகின்றன.

ஆகவே எண்ணெயைப் பொறுத்தே கறி. பாமாயிலில் நிறைவுற்ற கொழுப்பு ஏறக்குறைய பாதி. சூரியகாந்தி, சோயா எண்ணெய்களில் ஒமேகா-6 மிகுதி. ஆளி எண்ணெயிலோ பாதிக்கு மேல் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் என்ற ஒமேகா-3. இதன் பலன் நெஞ்சுக்கறியைவிடக் கொழுப்பு மிகுந்த தொடைக்கறியில் அதிகம் தெரியும்.

சிக்கலும் உண்டு. ஒமேகா-3 காற்றுபட்டால் எளிதில் சிக்குவாடை அடிக்கும். அளவு மீறினால் கறியில் மீன்வாடையும் வரலாம். அதனால்தான் இத்தகைய தீவனத்தில் வைட்டமின் ஈ சேர்க்கிறார்கள்.

மீனில் நேரடியாகக் கிடைக்கும் இபிஏ, டிஹெச்ஏ என்ற ஒமேகா-3 வகைகளை ஆளி விதையிலிருந்து கோழியின் உடல் சிறிதளவே உருவாக்கும். எனவே ஒமேகா-3 கோழி வாங்குபவர்கள், மத்தி மீனையும் கைவிட வேண்டாம்.