சங்குத் தலைகளும் சக்கரப் பலகையும்

குமரி மாவட்டத்துப் பழைய வீடுகளில் பரணை ஒழிக்கும்போது கிடைக்கும் தபால் தலைகள் பலவற்றில் விக்டோரியா மகாராணியும் இருக்க மாட்டார், காந்தியும் இருக்க மாட்டார். ஒரு சங்குதான் இருக்கும். 1956 நவம்பர் 1-ஆம் தேதி சென்னை மாநிலத்தோடு சேரும்வரை எங்கள் ஊர்கள் முதலில் திருவிதாங்கூரிலும், 1949-க்குப் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தவை. திருவிதாங்கூர் சமஸ்தானம் 'அஞ்சல்' என்று சொந்தமாகவே ஒரு தபால் துறையை நடத்தியது. மணி கட்டிய கோலோடு அஞ்சலோட்டக்காரர் கடிதப் பையைச் சுமந்து ஓடுவார். கடிதம் போடுகிற பெட்டி பச்சை நிறத்தில், அறுகோணமாக, வார்ப்பிரும்பில் இருக்கும். அதன் முகப்பிலும் சங்குதான்.

1888-இல் முதல் தலைகள் வந்தன, திருவிதாங்கூர் நாணயக் கணக்கில்: ஒரு சக்கரம், இரண்டு சக்கரம், நான்கு சக்கரம். சமஸ்தானத்துக்குள் போகும் கடிதத்துக்கு இவை போதும். சென்னைக்கு எழுத வேண்டுமென்றால் பிரிட்டிஷ் இந்தியத் தலையை வாங்கி ஒட்ட வேண்டும். 1951-இல் அஞ்சல் துறை இந்தியத் தபால் துறையோடு கலந்தது. அதோடு இந்தத் தலைகளின் கதை முடிந்தது.

கணக்கு டீச்சராக வேலை பார்த்த காலத்திலிருந்தே நான் சேர்ப்பது இவற்றைத்தான். 1939-இல் மகாராஜாவின் பிறந்தநாளுக்கு வெளியான வரிசையில் ஒரு தலையில் நம் கன்னியாகுமரியே இருக்கிறது. அந்தத் தலையை ஆல்பத்தில் எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிப்பதில்லை.

ஆனால் ஆல்பத்தைத் தனியாக உட்கார்ந்து புரட்டுவதோடு இந்தப் பழக்கம் நின்றுவிட்டால் பாதிதான் கிடைக்கும். நாங்கள் சிலர் மாதம் ஒரு ஞாயிறு மத்தியானம் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர், தக்கலையில் நகைப் பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சி, சிவகாசித் தீப்பெட்டி லேபிள் சேர்க்கும் கல்லூரிப் பையன், இன்னும் நாலைந்து பேர். அவரவர் கொண்டுவந்ததை மேசையில் பரப்பி வைப்போம்.

பழைய சாமான் விற்கும் ஆக்கர் கடையில் எடைக்கு வாங்கிய பழைய காகிதக் கட்டில் எனக்கு ஒரு கவர் கிடைத்தது. அதில் ஆலயப் பிரவேசத் தலை ஒட்டியிருந்தது. எல்லாச் சாதி இந்துக்களும் அரசுக் கோயில்களுக்குள் போகலாம் என்று மகாராஜா சித்திரைத் திருநாள் 1936 நவம்பர் 12-ஆம் தேதி அறிவித்தார் அல்லவா, அதன் நினைவாக 1937-இல் வெளியிட்ட நான்கு தலைகளில் ஒன்று. மதிப்பு 12 காசு.

அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டு, "டீச்சர், பன்னெண்டு காசுன்னா எவ்வளவு?" என்று கேட்டார்.

"பதினாறு காசு ஒரு சக்கரம். அப்போ முக்கால் சக்கரம்" என்றேன்.

"கணக்கு சரி. சக்கரத்தக் கையில வச்சுப் பாத்திருக்கியளா?"

பையிலிருந்து ஒரு மரப் பலகையை எடுத்தார். முழுக்க வரிசை வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள். பழைய வெள்ளிச் சக்கரம் மிளகைவிடக் கொஞ்சம்தான் பெரிது. ஒவ்வொன்றாக எண்ண முயன்றால் விரலுக்குச் சிக்காது. அவர் சக்கரங்களை அள்ளிப் பலகையில் போட்டு மெல்ல ஆட்டினார். குழிக்கு ஒன்றாக உட்கார்ந்துகொண்டன. மிச்சத்தை உள்ளங்கையால் வழித்தெடுத்தார். பலகையில் எத்தனை குழியோ அத்தனை சக்கரம், எண்ண வேண்டிய வேலையே இல்லை. இருபத்தெட்டரைச் சக்கரம் சேர்ந்தால் ஒரு பிரிட்டிஷ் ரூபாய். என் தலைகளில் அச்செழுத்தாக மட்டுமே இருந்த சக்கரம் அன்றைக்குத்தான் எனக்குக் காசாயிற்று.

அதற்குள் ஓய்வு பெற்ற தபால் துறைக்காரர் கவரைத் திருப்பியிருந்தார். நான் பார்த்தது தலையை. அவர் பார்த்தது முத்திரையை. "முன்னால இருக்கது குழித்துறை, டீச்சர். பின்னால இருக்கது நாகர்கோவில். மறுநாளே வந்து சேந்திருக்கு பாருங்க" என்றார். கடிதம் எங்கே கிளம்பியது, எப்போது வந்தது என்பதெல்லாம் அந்த இரண்டு வட்டங்களில் இருக்கிறது. தலையை மட்டும் கத்தரித்து எடுத்திருந்தால் இரண்டும் போயிருக்கும். உறையோடு இருக்கும் தலைக்கு உறையில்லாத தலையைவிட மதிப்பு அதிகம் என்று சேகரிப்பவர்கள் சொல்வது இதனால்தான்.

பலர் கண் படுவதில் இன்னொரு லாபமும் உண்டு. 1949-இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தபோது, கைவசம் இருந்த தலைகளின் மேல் 'அணா', 'பை' மதிப்பை அச்சடித்து விற்றார்கள். அவசரத்தில் அடித்த மேலச்சு சிலவற்றில் தலைகீழாக விழுந்தது, சிலவற்றில் எழுத்துப் பிழையானது. பிழையான தலைக்கு நல்ல விலை கிடைக்கும் என்பதால், சாதாரணத் தலையில் தாங்களே மேலச்சு அடித்து விற்பவர்களும் வந்துவிட்டார்கள். ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் ஒரு சோதனையை நாமே செய்யலாம். உபயோகித்த தலையில் முதலில் மேலச்சு, அதன் மேல் தபால் முத்திரை என்ற வரிசையில்தான் மை படிந்திருக்க வேண்டும். மேலச்சு மை முத்திரைக்கு மேலே ஏறியிருந்தால் அது பிற்பாடு அடித்தது. எழுத்தின் வடிவத்தில் சந்தேகம் வந்தால், நல்லது என்று தெரிந்த தலையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். அந்த நல்ல தலை பெரும்பாலும் அடுத்தவர் ஆல்பத்தில்தான் இருக்கும்.

யாருக்கும் காட்டாமல் பூட்டி வைப்பது சேகரிப்பே அல்ல என்பது என் கட்சி. கையில் இரண்டு இருந்தால் ஒன்றைக் கொடுத்து இல்லாததை வாங்கிக்கொள்வோம். தலையின் பின்பக்கம் தாள் மெலிந்திருந்தாலோ, ஓரப் பல் ஒன்று ஒடிந்திருந்தாலோ, மாற்றுவதற்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். அதில் மட்டும் நாங்கள் கறார். புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சும்மாவே கொடுப்போம். சாதாரணச் சங்குத் தலைகள் இன்றும் மலிவுதான்.

அஞ்சல் பெட்டியில் கடிதம் போட்ட தலைமுறை இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. அவர்களுடைய டிரங்குப் பெட்டிகள் ஒவ்வொன்றாகக் காலியாகின்றன. உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தால், கடிதங்களை எடைக்குப் போடாதீர்கள். தலையைக் கிழிக்கவோ தண்ணீரில் ஊறவைக்கவோ செய்யாதீர்கள். செல்லோ டேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். உறையோடு ஒரு காகிதக் கவரில் போட்டு, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். பக்கத்தில் தபால் தலை சேர்ப்பவர் யாராவது இருந்தால் ஒருமுறை கொண்டுபோய்க் காட்டுங்கள். விற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, காட்டினால் போதும்.