செவியும் இசைச்சுவையும்

ஒலிக்கருவிகளிற் பெருவிருப்புடைய அன்பர் சிலர், இளமையில் முரசின் அதிர்வையும் தாளத்தின் கூரொலியையும் நாடுகின்றனர். வயது முதிர்ந்தபின் அவரே தனிக்குரலையும் மெல்லிய நரம்பிசையையும் விரும்புகின்றனர். இம்மாறுதலுக்குக் காரணம் யாதென ஆராய்வாம்.

முதற்காரணம் உடலைச் சார்ந்தது. இளஞ்செவி ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளை உணரவல்லது. உட்செவியில் நத்தையோடு போற் சுருண்ட உறுப்பினுள் இருக்கும் நுண்மயிர் அணுக்கள் வயது ஏற ஏறக் குறைகின்றன. மனிதரிடத்து அவை மீண்டும் முளைப்பதில்லை. உச்ச ஒலிகளை உணர்வனவே பெரும்பாலும் முதலில் அழிகின்றன. ஒலிபெருக்கி மங்கிற்றெனக் கருதிப் பெரும்பொருள் செலவிட்டுப் புதியது வாங்குவாரும் உளர். மங்கியது தம் செவியே என்பதை அவர் அறியார்.

இரண்டாவது காரணம் உள்ளத்தைச் சார்ந்தது. பதின்பருவத்திற் கேட்ட இசை நினைவில் ஆழப் பதிகின்றது. 1948-இல் தோன்றிய நெடுநேர இசைத்தட்டோடு வளர்ந்தவருட் சிலர், 1982-இல் குறுந்தகடு வந்த பின்னரும், ஊசியின் சிற்றிரைச்சலையே இனிதெனக் கொண்டமை இதனாலாம்.

எனினும் முதுமை இழப்பு மட்டுமே தருவதன்று. பன்னாட் கேள்வியால் இசையின் அமைப்பையும் இடையிடையே நிற்கும் மௌனத்தையும் நுகரும் ஆற்றல் வளர்கின்றது.

ஆதலின், மாணவ நண்பர்காள்! முதியோர் சுவையை எள்ளற்க. காதிற் செருகிய கருவியிற் பேரொலி கேட்டு நுண்ணணுக்களை அழித்தலும் வேண்டா. கருவியை மாற்றலாம், செவியை மாற்றல் இயலாது.