ஃபியூஸ் போச்சா? ஒரு நிமிஷம் பாஸ்!

மே மாச வெயில்... ஏ.சி. திடீர்னு அவுட்! பழைய வாடகை வீடுன்னா உங்க கை நேரா ஃபியூஸ் கட்டைக்குத்தான் போகும். கொஞ்சம் பொறுங்க!

டெஸ்டர் எரியுதான்னு முதல்ல வேற பிளக்கில் பார்த்துடுங்க. அப்புறம் ஏ.சி. சுவிட்ச், மெயின் ரெண்டையும் ஆஃப் பண்ணுங்க. கையில் ஈரம் கூடாது, காலில் செருப்பு கட்டாயம். கட்டையை உருவினதும், அந்த இடத்தில் டெஸ்டர் வெச்சு கரன்ட் இல்லைன்னு உறுதி பண்ணிக்குங்க. கட்டையில் எழுதியிருக்கிற ஆம்பியரைத் தாண்டாத ஃபியூஸ் கம்பியை மட்டும் போடுங்க. கட்டையை மாட்டின பிறகுதான் மெயின், கடைசியா ஏ.சி.

'அடிக்கடி போகுதே'ன்னு செப்புக் கம்பியை ரெண்டு மூணு இழையா முறுக்கிப் போடறாங்களே, அங்கேதான் ஆபத்து! 1.5 டன் ஏ.சி. ஓடும்போது சுமார் 7, 8 ஆம்பியர் இழுக்கும். கரன்ட் ரெண்டு மடங்கானா சூடு நாலு மடங்கு. பிளஸ் டூ ஃபிசிக்ஸ்தான்! தடிச்ச கம்பி உருகாது. அதுக்குப் பதிலா சுவருக்குள்ள இருக்கிற ஒயர் உருகும். நீங்க தூங்கும்போது அது தீப்பிடிச்சா?

மறுபடியும் ஃபியூஸ் போனா, கோளாறு வேற எங்கேயோ இருக்கு. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. ஏ.சி.யை மட்டும் நீங்களா திறக்காதீங்க. மெயினை நிறுத்தினாலும் கெப்பாசிட்டரில் சார்ஜ் மிச்சமிருக்கும்.

ஒரு ராத்திரி வேர்த்தா குறைஞ்சா போயிடுவீங்க?