உப்பு ஜாடி எந்தப் பக்கம்?

மூன்று ஆண்டுகளுக்கு முன், குடியிருந்த அடுக்ககத்திலேயே எதிர் வீட்டுக்கு மாறினோம். நடுவில் ஆறடி நடைபாதைதான். சமையலறை அலமாரியை, ஊரிலிருந்து வந்திருந்த அப்பத்தாவிடம் விட்டுவிட்டோம். பழைய வீட்டில் இருந்த மாதிரியே அடுக்கினால் போதும் என்று மட்டும் சொன்னோம். சாயங்காலம் பார்த்தால் ஐந்து ஜாடிகளும் வரிசை மாறிக் கிடந்தன. இடக்கோடியில் இருந்த உப்பு வலக்கோடிக்குப் போயிருந்தது. வலக்கோடிப் பருப்பு இடக்கோடியில்.

"என்ன அப்பத்தா, மாத்தி வச்சிட்ட?"

"எதடா மாத்துனேன்? உப்பு மேக்க இருந்துச்சு, மேக்கதான் வச்சிருக்கேன். பருப்பு கெழக்க. அப்படியேதான இருக்கு?"

அப்படியேதான் இருந்தது. பழைய அலமாரி வடக்குச் சுவரில், புதியது தெற்குச் சுவரில். எதிரே நிற்கும் ஆள் திரும்பிவிட்டால் இடமும் வலமும் திரும்பிவிடும், மேற்கு திரும்பாது. உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் எழுபது வருஷம் இருந்தவருக்கு ஜாடியின் இடம் ஜாடியைப் பொறுத்தது, பார்ப்பவனைப் பொறுத்தது அல்ல. இடம் வலம் தெரியாதவர் என்று நினைத்துவிடக் கூடாது. சோத்தாங்கை, பீச்சாங்கை எல்லாம் அவர் பேச்சில் உண்டு, ஆனால் உடம்போடு சரி. டம்ளர், பாய், மாடு, பஸ் என்று வந்துவிட்டால் தெக்க, வடக்கதான்.

அப்பத்தா அன்று அறியாமல் செய்தது ஒரு பேர்பெற்ற சோதனை. நெதர்லாந்தின் நெய்மேகன் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்தில் ஸ்டீபன் லெவின்சன் குழுவினர் 1990களில் உலகின் பல மொழிக்காரர்களிடம் இதை நடத்தினார்கள். மேசையில் மூன்று பொம்மை விலங்குகள் ஒரே திசை பார்த்து வரிசையாக நிற்கும். நன்றாகப் பார்த்துக்கொண்டு, அப்படியே திரும்பி, முதுகுக்குப் பின்னால் இருந்த இன்னொரு மேசையில் அதே வரிசையை அடுக்க வேண்டும். விலங்குகளை முன்பு போலவே தன் வலப்பக்கம் பார்க்க வைப்பவர் ஒரு வகை. கிழக்கே பார்த்தவற்றைக் கிழக்கே பார்க்க வைப்பவர் இன்னொரு வகை.

அந்தக் குழுவில் தமிழை எடுத்துக்கொண்டவர் எரிக் பீடர்சன். 1993இல் வந்த அவருடைய கட்டுரை ஒரே தமிழுக்குள் இரண்டு முறைகளைக் காட்டியது. கிராமத்தார் பொருள்களைத் திசை சொல்லிக் குறித்தார்கள். நகரத்தார் இடம் வலம் சொன்னார்கள். பேச்சில் திசை சொன்னவர்கள், வாயைத் திறக்கத் தேவையில்லாத பொம்மைச் சோதனையிலும் பெரும்பாலும் திசையையே பிடித்துக்கொண்டார்கள். இரு சாராருக்கும் மொழி ஒன்றுதான், இரண்டு வகைச் சொற்களும் இருவருக்கும் தெரியும். எதை நாள் முழுக்கப் புழங்குகிறோம் என்பதில்தான் வேறுபாடு.

இது மொழியின் வேலையா, இடத்தின் வேலையா? 2002இல் பெக்கி லி, லைலா கிளெய்ட்மன் இருவரும் அமெரிக்க மாணவர்களிடம் இதே சோதனையை நடத்திக் குறுக்குக் கேள்வி போட்டார்கள். சுற்றிலும் அடையாளம் எதுவும் இல்லாவிட்டால் மாணவர்கள் இடம் வலம் பிடித்தார்கள். கண்ணில் படும்படி ஓர் அடையாளம் வைத்ததும் பலர் அதைக்கொண்டு அடுக்கத் தொடங்கினார்கள். ஆங்கிலம் மாறவில்லை, சூழல்தான் மாறியது. லெவின்சன் தரப்பு இதை ஒப்பவில்லை. அது நீண்ட வழக்கு. எனக்கென்னவோ மொழியையும் இடத்தையும் இப்படிப் பாகம் பிரிப்பதே வீண் என்று படுகிறது. மேற்கே மலையும் கிழக்கே இறங்கிப் போகும் ஓடையும் வாசலிலிருந்தே தெரிகிற ஊரில் 'மேக்க' என்று சொல்ல ஒரு நொடி யோசிக்க வேண்டியதில்லை. எதிர்க் கட்டடம் சூரியனை மறைக்கும் எங்கள் பால்கனியில் அப்பத்தாவே முதல் நாள் திசை தப்பி நின்றார். "கடலு எங்கிட்டு இருக்கு?" என்று கேட்டுத்தான் தன்னை நேர்ப்படுத்திக்கொண்டார்.

ஊரமைப்பு மூளையில் பதிகிறது என்பதற்கு இன்னும் பெரிய சான்று ஒரு கைப்பேசி விளையாட்டிலிருந்து வந்தது. மறதி நோய் ஆய்வுக்காக 2016இல் வெளியான 'சீ ஹீரோ குவெஸ்ட்' அது. வரைபடத்தை ஒருமுறை காட்டி மறைத்துவிடுவார்கள். பிறகு படகை ஓட்டி, சொன்ன வரிசையில் மிதவைகளைத் தொட வேண்டும். 38 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 4 லட்சம் பேரின் ஆட்டத்தை அந்துவான் கூத்ரோ, ஹ்யூகோ ஸ்பியர்ஸ் முதலியோர் அலசி, 2022இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். நகரத்துக்கு வெளியே வளர்ந்தவர்கள் வழி கண்டுபிடிப்பதில் சராசரியாக ஒரு படி மேல். நகரங்களுக்குள்ளும் சிகாகோ போலக் கட்டம் கட்டமாகத் தெரு போட்ட ஊரில் வளர்ந்தவர்கள், பிராக் போலக் கோணல்மாணலான ஊரில் வளர்ந்தவர்களைவிடப் பின்தங்கினார்கள். கட்டம் போட்ட ஊரில் தெரு எண்ணைப் பார்த்தே போய்விடலாம்; மூளைக்கு வேலை குறைவு. ஆனால், விளையாட்டில் கட்டம் கட்டமான பகுதிகள் வந்தபோது அவர்கள் கை சற்று ஓங்கியது. பழகிய தெரு உள்ளே அப்படியே இருக்கிறது.

மதுரை இந்த இரண்டிலும் சேராது. கோயிலைச் சுற்றிச் சதுரத்துக்குள் சதுரமாகச் சித்திரை, ஆவணி மூலம், மாசி வீதிகள். ஒவ்வொன்றிலும் கீழ, மேல, வடக்கு, தெற்கு. விலாசமே திசைமானி. வீதியை விட்டுச் சந்துக்குள் நுழைந்தால் பிராக் தோற்றது.  

வயது வந்த பிறகும் மூளை புது இடத்துக்கு வளைந்துகொடுக்கும். சேரிங் கிராஸைச் சுற்றி ஆறு மைலுக்குள் இருக்கும் சுமார் 25,000 தெருக்களை மனப்பாடம் செய்து தேறிய லண்டன் டாக்சி ஓட்டுநர்களுக்கு, ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் பின்பாகம் பெரிதாகியிருந்ததை எலினார் மக்வயர் காட்டினார். உடம்பு அவ்வளவு தாராளம் காட்டுவதில்லை. வியர்வையையே வாழ்நாள் ஆய்வாகக் கொண்ட ஜப்பானிய உடலியலாளர் யாஸ் குனோ கண்டது இது: வியர்வைச் சுரப்பிகள் பிறக்கும்போது எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே அளவுதான், அவற்றில் எத்தனை வேலை செய்யத் தொடங்கும் என்பதை முதல் இரண்டு மூன்று வயதின் வெயில் தீர்மானிக்கிறது. வெப்ப நாட்டில் பிறந்து வளர்ந்த ஜப்பானியருக்கு அது கூடியிருந்தது. வளர்ந்தபின் அங்கே குடியேறியவர்களுக்குக் கூடவில்லை. தொட்டிலில் கிடந்தபோது அடித்த வெயிலின் கணக்குதான் கடைசிவரை.

சொற்களுக்கும் இப்படிப் பழைய ஊர் உண்டு. தமிழில் மேற்கு என்றால் மேல், கிழக்கு என்றால் கீழ். நிலம் அப்படிச் சரிகிறது. மலையைத் தாண்டினால் சரிவு நேர் எதிர். கேரளத்தில் மலை கிழக்கே, கடல் மேற்கே. மேற்குக்கு மலையாளிகள் ஞாயிறு படிகிற திசை என்று 'படிஞ்ஞாறு' என்கிறார்கள். மலை நிமிர்ந்து நிற்கும் திசையை மட்டும் இன்றும் 'கிழக்கு' என்றே சொல்கிறார்கள். மலைக்கு இந்தப் புறத்திலிருந்து போனவர்கள் கொண்டுசென்ற சொல் இது என்றார் 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல்.

அப்பத்தா ஊருக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஜாடிகளை நாங்கள் மாற்றவில்லை. தாளிக்கிற அவசரத்தில் என் கை இன்னும் இடப்பக்கம் போய்ப் பருப்பை எடுக்கிறது. வீடு மாறியபோது தவழ்ந்துகொண்டிருந்த மகள், கேட்டால் திரும்பிக்கூடப் பார்க்காமல் வலக்கோடியிலிருந்து உப்பை எடுத்துத் தருகிறாள். அது மேற்கு என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.