உள்நிரல் புதுப்பித்தபின் அருகலை அறுபடுவது ஏன்?

கோலசிலாங்கூர் வட்டாரத்திலும், அதற்கு வடக்கே தஞ்சோங் காராங், செகிஞ்சான், சபாக் பெர்ணம் வரையிலும் உள்ள தோட்டப்புறங்களில் பணிபுரியும் தமிழாசிரியர்களுக்குக் கரும்பலகையும் வெண்கட்டியும் எவ்வளவு இன்றியமையாதனவோ, அவ்வளவு இன்றியமையாததாகிவிட்டது வீட்டிலுள்ள இணையப் பெட்டி. 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது தொடங்கிய இந்நிலை, பள்ளிகள் திறந்த பின்னரும் முற்றிலும் மாறிவிடவில்லை. வருகைப் பதிவு, பாடத் துணைப்பொருள், சுற்றறிக்கை, இரவு நேர மீள்பார்வை வகுப்பு ஆகியவை பலவும் இவ்வொரு பெட்டியின் வழியாகவே நடைபெறுகின்றன. வெவ்வேறு தோட்டங்களில் சிதறி வாழும் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளை இரவு எட்டு மணிக்கு ஒரு திரையில் ஒன்றுகூட்டுவது எளிதன்று. கூட்டிய வகுப்பில் ஆசிரியர் முகம் இருமுறை மறைந்தால், மூன்றாம் முறை அவர் திரும்பி வரும்போது பாதிப் பிள்ளைகள் அங்கே இருக்கமாட்டார்கள்.

இத்தகைய இடர்ப்பாடுகளுள் ஒரு வகை அண்மைக் காலத்தில் அடிக்கடி காதில் விழுகின்றது. "நேற்றுவரை நன்றாகத்தான் இருந்தது, இரவில் பெட்டி தானாகவே எதையோ புதுப்பித்துக்கொண்டது, காலை முதல் விட்டு விட்டு வருகிறது" என்பதே அது. இவ்வாறு நேர்ந்தவுடன் நம்மவர் செய்வன மூன்று. பெட்டியின் பின்புறத்துச் சிறு துளையில் ஊசியைச் செலுத்தி அழுத்துவர். அல்லது நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்துச் சினந்துகொள்வர். அல்லது கடைக்குச் சென்று புதுப் பெட்டி வாங்கிவருவர். இம்மூன்றிற்கும் முன்னர்ச் செய்யத்தக்கது ஒன்று உண்டு. பழுது எவ்விடத்து நிற்கின்றது என்று பிரித்தறிதலே அது. "பலகை" என்னும் எழுத்துக் கூட்டத்தை ஒரு சொல்லாகக் கொள்வதா, "பல கை" எனப் பிரிப்பதா என்று இடம் நோக்கித் தெளிந்த பின்னரே பொருள் கூறுகின்ற நமக்கு இம்முறை புதியதன்று.

பெயர்களைப் பற்றிச் சிறிது

ரவுட்டர் என்பதைத் திசைவி என்கின்றனர். நம் வீடுகளில் ரவுட்டர் என்றும் மோடம் என்றுமே வழக்கு. இக்கட்டுரையில் பெட்டி என்றே குறிப்பேன். அப்பெட்டிக்குள் நிலையாகப் பதிந்திருந்து அதனை இயக்கும் கட்டளைத் தொகுதி ஃபர்ம்வேர் எனப்படும். அதனை உள்நிரல் என்போம். வைஃபை என்பதற்கு அருகலை என்னும் சொல் வழக்கிற்கு வந்துள்ளது. இச்சொல்லை ஆசிரியர்கள் தயங்காது ஆளவேண்டும் என்பது என் கருத்து. தமிழ்ச்சொல் என்பதனால் மட்டும் யான் இவ்வாறு கூறவில்லை. பொருளைத் தெளிவாகக் காட்டும் சொல் என்பதே முதற்காரணம். அருகே மட்டும் உலவும் அலை அருகலை. அது பெட்டிக்கும் கைப்பேசிக்கும் இடையே வீட்டுக்குள் நிகழ்வது. இணையமோ வெளியிலிருந்து கண்ணாடி இழை வழியாகவோ கைப்பேசிக் கோபுரம் வழியாகவோ பெட்டிக்கு வந்து சேர்வது. இரண்டையும் ஒன்றெனக் கருதி "வைஃபை இல்லை" என்று ஒரே சொல்லால் முறையிடுவதனாலேயே, வந்து பார்க்கும் பணியாளரும் வீட்டாரும் இருவேறு பொருளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க நேர்கின்றது.

புதுப்பிப்பே வேண்டா என்று சிலர் கூறுவர். அது பொருந்தாது. 2017ஆம் ஆண்டு அக்டோபரில் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் மத்தி வன்ஹூஃப், அருகலையின் காப்பு முறையிலேயே ஒரு பிளவு இருப்பதை வெளிப்படுத்தினார். அதுவரை உறுதியானது என நம்பப்பட்ட டபிள்யூபிஏ2 முறை அது. உலகெங்கும் பெட்டிகளுக்கும் கைப்பேசிகளுக்கும் புதுப்பிப்பு அனுப்பியே அப்பிளவு அடைக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டில் செருமனியில் நிகழ்ந்தது இன்னும் கண்கூடானது. 2016 நவம்பர் 27ஆம் நாள் தொடங்கி டாய்ச்ச டெலிகாம் நிறுவனத்தின் வாடிக்கையாளருள் ஏறத்தாழ 9 இலட்சம் பேருடைய இணைப்புகள் தடைப்பட்டன. நிறுவனங்கள் தொலைவிலிருந்து பெட்டிகளை நிருவகிப்பதற்கென வைத்திருக்கும் வாயிலைத் தட்டி, தீங்கு நிரல் ஒன்றைப் புகுத்த எவரோ முயன்றனர். நிரல் புகவில்லை, ஆயினும் அம்முயற்சியைத் தாங்காமல் பெட்டிகள் செயலிழந்தன. அதற்கும் மருந்தாக அமைந்தது புதிய உள்நிரலே.

ஆதலின் புதுப்பிப்பு வேண்டுவதே. ஆனால் வீட்டுக்குரியவர் உறங்கும்போது முன்னறிவிப்பின்றி அதனைச் செய்துவிட்டு, எது மாறியது என்று ஒரு வரியும் கூறாமல் விடும் வழக்கம் நன்றன்று. மறுநாள் அல்லல்படுபவருக்குத் தம் பெட்டியில் மாற்றம் நிகழ்ந்ததே தெரிவதில்லை.

முதற் பிரிப்பு

இணைப்பு அறும் அந்த நொடியில் கைப்பேசியின் மேற்புறத்தை நோக்குக. விசிறி போன்ற அருகலைக் குறி மறையாது நிற்க, பக்கம் மட்டும் திறக்கவில்லையெனின் அருகலை நலமாகவே உள்ளது. குறை பெரும்பாலும் இணையத்தின் பக்கம். குறியே மறைந்து மீண்டும் தோன்றுமாயின் குறை அருகலையில். ஐயம் தீர இன்னொரு சோதனையும் உண்டு. பெட்டியின் அடியில் ஒட்டிய தாளில் 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்பது போன்ற முகவரி இருக்கும். வெளியுலகப் பக்கங்கள் திறக்காத வேளையிலும் இம்முகவரியில் பெட்டியின் சொந்தப் பக்கம் திறக்கின்றதெனில், வீட்டுக்குள் அலை ஒழுங்காக ஓடுகின்றது என்பது உறுதி. மடிக்கணினியைக் கம்பியால் பெட்டியோடு பிணைத்துப் பார்ப்பது இவையனைத்தினும் சிறந்தது. கம்பியில் ஒரு மணி நேரம் தடையின்றி ஓடி, அருகலையில் மட்டும் அறுபட்டால் இழையையும் நிறுவனத்தையும் குறைகூற இடமில்லை.

அடுத்து நோக்கவேண்டுவது, எல்லாக் கருவிகளும் ஒருசேர அறுபடுகின்றனவா, ஒன்று மட்டுமா என்பது. ஒன்று மட்டும் எனின் பெட்டியின்மேல் பழி போடுவதற்குமுன் அக்கருவியில் அருகலைப் பெயரை அழித்து மீண்டும் சேர்த்துப் பார்த்தல் வேண்டும். எல்லாக் கருவிகளும் என்றாலும்கூடக் குற்றவாளி ஒரு கருவியாக இருத்தல் கூடும். 2018 சனவரியில் இதற்குச் சான்று கிடைத்தது. கூகுளின் குரோம்காஸ்ட் முதலிய கருவிகளோடு பேசுவதற்காகக் கைப்பேசிகள் 20 நொடிக்கொருமுறை சிறு செய்தி அனுப்புவது வழக்கம். மென்பொருட் பிழையொன்றால், உறக்கத்திலிருந்து எழுந்த கருவிகள் விட்டுப்போன செய்திகள் அனைத்தையும் ஒரே மூச்சில் கொட்டின. சில வேளைகளில் அவை ஓர் இலட்சத்தையும் தாண்டின. சில பெட்டிகள் அவ்வெள்ளத்தில் திணறி அருகலையையே நிறுத்திவிட்டன. பெட்டிகளை மாற்றியவர்களும் அப்போது இருந்திருப்பார்கள். பிழையோ கைப்பேசியில் இருந்தது.

புதுப்பிப்பு மாற்றிவிடும் அமைப்புகள்

குறை அருகலையில்தான் என்று தெளிந்தால், புதிய உள்நிரல் எந்த அமைப்பை மாற்றியது எனத் தேடலாம். பெட்டியின் சொந்தப் பக்கத்தில் அவை காணக் கிடைக்கும்.

பெட்டிகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரு அலைப்பட்டைகளில் ஒலிபரப்புகின்றன. முன்னது சுவர்களைக் கடந்து தொலைவு செல்லும். பின்னது விரைவு மிக்கது, ஆயின் இரண்டு செங்கற் சுவர்களுக்குள் சோர்ந்துவிடும். முன்பு இரண்டிற்கும் தனித்தனிப் பெயர் இருந்திருக்கும். புதுப்பித்தபின் ஒரே பெயராகி, எந்தக் கருவி எப்பட்டையில் சேரவேண்டும் என்பதைப் பெட்டியே முடிவு செய்யும் முறை நடப்புக்கு வந்திருக்கலாம். கூடத்தில் பெட்டியும் பின்னறையில் ஆசிரியரும் இருக்கும் வீட்டில், மடிக்கணினி இரு பட்டைகளுக்கும் நடுவே பந்தாடப்படும். மாறும் ஒவ்வொரு முறையும் வகுப்பு நிற்கும். இரு பெயர்களாக மீண்டும் பிரித்துவிட்டால் இத்தொல்லை பெரும்பாலும் தீரும்.

காப்பு முறையும் மாறியிருக்கலாம். 2018இல் அறிவிக்கப்பட்ட டபிள்யூபிஏ3 என்னும் புதுமுறையை, பழைய முறையோடு கலந்து சில உள்நிரல்கள் தாமாகவே அமைத்துவிடுகின்றன. பழைய அச்சுப்பொறியும், அண்ணனிடமிருந்து தம்பிக்கு வந்து சேர்ந்த கைப்பேசியும் இக்கலப்பைப் புரிந்துகொள்ளாமல் சேர்வதும் விலகுவதுமாக இருக்கும். அத்தகைய வீட்டில் டபிள்யூபிஏ2 மட்டும் என்று அமைத்தல் போதும். காப்பே இல்லாமல் திறந்துவிடுதல் கூடவே கூடாது.

இனிச் சற்று விரித்துரைக்க வேண்டுவது அலைவரிசை. பழைய வானொலிப் பெட்டியில் சிற்றலையில் இலங்கை வானொலியைப் பிடிக்க முனைந்தவர்களுக்கு, முள் சிறிது நகர்ந்தாலும் வேறொரு நிலையம் வந்து மேலே ஏறிக்கொள்ளும் என்பது நினைவிருக்கும். 2.4 பட்டையில் நம் நாட்டில் 1 முதல் 13 வரை வரிசைகள் உள்ளன. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸே. ஆனால் ஒரு பெட்டியின் ஒலிபரப்பு 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் உடையது. எனவே ஒன்றோடொன்று உராயாதிருக்கக்கூடியவை 1, 6, 11 ஆகிய மூன்றே. அகலம் 40 என்று புதிய உள்நிரல் வைத்துவிட்டால் பட்டையின் பெரும்பகுதியை ஒரு வீடே அடைத்துக்கொள்ளும். அண்டை வீட்டு அலைகளெல்லாம் வந்து மோதும். பலகைச் சுவரால் அமைந்த லயத்து வீடுகளிலும், பெஸ்தாரி ஜெயா போன்ற இடங்களில் தோட்டம் விட்டு வந்தோர் குடியேறிய வரிசை வீடுகளிலும், ஒரு வீட்டின் அலை மூன்றாம் வீட்டிலும் கேட்கும். அங்கே அகலத்தை 20 ஆக்கி, அண்டையார் பயன்படுத்தாத வரிசையைத் தேர்தல் நலம். அண்டையாரிடம் கேட்டறிந்து வரிசைகளைப் பங்கிட்டுக்கொள்வது அதனினும் நலம்.

5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் வேறொரு சிக்கல் உண்டு. அதன் நடுப்பகுதி ராடார்களுக்கும் உரியது. 2003ஆம் ஆண்டு அனைத்துலக வானொலி மாநாட்டில், அருகலை அவ்விடத்தைப் பகிர்ந்துகொள்ளலாம், ஆனால் ராடாருக்கு வழிவிட வேண்டும் என்று வகுத்தனர். அதன்படி 52 முதல் 144 வரையிலான வரிசைகளில் ஒலிபரப்ப விரும்பும் பெட்டி, முதலில் குறைந்தது 60 நொடி வாய்மூடிச் செவிசாய்க்க வேண்டும். ராடார் ஒலி கேட்டால் 10 நொடிக்குள் விலக வேண்டும். 30 நிமிடம் அவ்வரிசைக்குத் திரும்பலாகாது. இக்கட்டுப்பாடு வீணானதன்று. 2009இல் போர்ட்டோ ரிக்கோவின் சான் வான் வானூர்தி நிலையத்து வானிலை ராடாருக்கு இத்தகைய கம்பியில்லாக் கருவிகள் இடையூறு விளைத்தது கண்டறியப்பட்டது. காற்றின் திடீர்ச் சுழற்சியை விமானிக்கு முன்னுணர்த்தும் ராடார் அது.

இனி, நம் வீட்டில் நிகழ்வதை நோக்குவோம். முன்பு 36இல் அமைந்திருந்த பெட்டி, புதுப்பித்தபின் "ஆட்டோ" என்றாகி 100ஆம் வரிசைக்குச் சென்றிருக்கலாம். ராடார் என எதையேனும் கேட்டவுடன் அது விலகும். விலகிச் சென்ற இடமும் அதே பகுதியாயின் மீண்டும் ஒரு நிமிடம் மௌனம். சில பெட்டிகள் ராடார் அல்லாத ஓசையையும் ராடார் எனப் பிறழ உணர்வதுண்டு. இக்குறைக்கு அடையாளம் தெளிவானது: 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் மட்டும் முழுதும் மறைந்து, ஏறத்தாழ ஒரு நிமிடம் கழித்துத் தோன்றும், 2.4 அசையாது நிற்கும். வரிசையை 36, 40, 44, 48 ஆகியவற்றுள் ஒன்றில் நிலைநிறுத்தினால் தீரும். ஆயின் அகலத்தையும் பார்த்தல் வேண்டும். அகலம் 160 என்றிருப்பின், 36 என எழுதியிருந்தாலும் ஒலிபரப்பு 64 வரை பரவி ராடார் பகுதியில் கால்வைத்துவிடும். 80 என்று குறைத்தால் 48ஓடு நின்றுவிடும்.

உள்நிரலோடு தொடர்பில்லாத காரணங்களும் அதே நாளில் தலைகாட்டுவதுண்டு. புதுப்பிப்பின்போது பெட்டி தன்னை அணைத்து ஏற்றுகின்றது; நைந்துபோன மின்மாற்றி அதன்பின் தள்ளாடத் தொடங்கலாம். மாலை இடிமழைக்கு அஞ்சி மின்செருகியைப் பிடுங்கும் நம் வழக்கம் நல்லதே. ஆனால் பெட்டியின் விளக்குகள் புதுப்பிப்புக்குரிய வகையில் சிமிட்டும் வேளையில் பிடுங்கினால் உள்நிரல் பாதி எழுதப்பட்ட நிலையில் நின்று பெட்டியே பயனற்றுப் போகலாம். தொலைக்காட்சிக்குப் பின்னாலும் அலமாரிக்குள்ளும் பெட்டியை ஒளித்து வைத்துவிட்டு அலை வரவில்லை என்பாரும் உளர். அவர்களுக்கு உள்நிரலைப் பற்றிக் கூறிப் பயனில்லை.

ஊசித் துளை

அணைத்து ஏற்றுவது வேறு; ஊசித் துளையை அழுத்துவது வேறு. முன்னது எதையும் அழிக்காது. பின்னது பெட்டியைப் பிறந்த நாள் நிலைக்குக் கொண்டுசெல்லும். பெரிய புதுப்பிப்புக்குப்பின் பழைய அமைப்புகள் புது நிரலோடு ஒட்டாமல் எஞ்சிக் குழப்புவதுண்டு. அப்போது இதுவே தக்க மருந்து. ஆனால் இணையக் கணக்கின் பெயரும் மறைச்சொல்லும் பெட்டிக்குள்ளேயே பதிந்திருக்கும் வீடுகளில், அவற்றைக் கைவசம் வைத்துக்கொள்ளாமல் அழுத்தினால் விட்டு விட்டு வந்ததும் போய், பணியாளர் வரும்வரை ஒன்றுமே இல்லாத நிலை உண்டாகும். அமைப்புப் பக்கங்கள் ஒவ்வொன்றையும் கைப்பேசியில் படமெடுத்து, கணக்கு விவரத்தைத் தாளில் எழுதி வைத்த பின்னரே ஊசியை எடுத்தல் வேண்டும். பழைய உள்நிரலுக்கே திரும்புதல் சொந்தமாக வாங்கிய பெட்டியில் சில வேளை இயலும். நிறுவனம் வழங்கிய பெட்டியில் அதற்குப் பெரும்பாலும் வழியில்லை, இருந்தாலும் அடுத்த இரவே மீண்டும் புதுப்பிக்கப்படும்.

இவ்வளவு செய்தும் தீராவிடில் நிறுவனத்தை அழைக்க வேண்டியதே. அதற்குமுன் மூன்று நாள் ஒரு குறிப்பேட்டில் நேரம், கருவி, அறை, பட்டை, கம்பியில் நிலை ஆகியவற்றை எழுதி வருக. பெட்டியின் பக்கத்தில் காணும் உள்நிரல் எண்ணையும் அதில் குறித்துக்கொள்க. "வைஃபை சரியில்லை" என்பாரிடம் மறுமுனையில் இருப்பவர் அணைத்து ஏற்றச் சொல்வார். "இரவு 8.10, 8.55, மடிக்கணினியும் கைப்பேசியும் ஒருசேர, 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும், கம்பியில் தடையில்லை, உள்நிரல் செவ்வாய் இரவு மாறியது" என்று படித்துக் காட்டுபவரின் முறையீட்டை அடுத்த நிலைப் பொறியாளருக்கு அனுப்புவதற்கு அவரிடம் காரணம் இருக்கும்.