கட்டடம் ஒருவர், கூட்டம் இன்னொருவர்

ஒரே படத்தை இரண்டு பேர் பிரித்துக்கொண்டு வரைந்த கதை இது. லண்டனில் படக்கடை நடத்திவந்த ருடால்ஃப் அக்கர்மன், 1808-ல் ‘மைக்ரோகாசம் ஆஃப் லண்டன்’ என்ற தொகுப்பை மாதாமாதம் வெளியிடத் தொடங்கினார். 1810-க்குள் 104 படங்கள். தூண், கூரை, ஜன்னலையெல்லாம் அளவு பிசகாமல் வரைந்தவர் அகஸ்டஸ் பியூஜின். அதற்குள் மனிதர்களை நுழைத்தவர் கேலிச் சித்திரக்காரர் தாமஸ் ரோலண்ட்சன்.

சேவல் சண்டைப் படத்தைப் பாருங்கள். நடுவே சின்ன மேடையில் இரண்டு சேவல்கள். சுற்றிலும் முண்டியடிக்கும் கும்பலில்தான் எத்தனை முகக்கோணல்! சேவல்களைவிட மனிதர்கள்தான் ஆக்ரோஷமாகத் தெரிகிறார்கள். மீன் சந்தை, சிறைச்சாலை, ஏல அறை, ஓவியக் கண்காட்சி எதையும் ஓவியர்கள் இருவரும் விடவில்லை.

அச்சு முறை, அக்வாடிண்ட். செப்புத் தகட்டில் பிசின் பொடியைப் படியவைத்துச் சூடாக்கி, அமிலத்தால் அரிக்கவிடுவார்கள். பொடி மறைக்காத இடங்களில் நுண்ணிய குழிகள் விழும். அவற்றில் தங்கும் மையே நீர்வண்ணம் போன்ற சாயலைத் தரும். வண்ணம்? அச்சான ஒவ்வொரு தாளிலும் தூரிகையால் தீட்டியதுதான்.