நெருக்கச் சாகுபடிக்கு ஏற்ற பருத்தி

பருத்தியை நெருக்கி விதைத்தால் மகசூல் கூடும் என்ற பேச்சு நம் கிராமங்களில் அடிபடுகிறது. அது பொய்யன்று. ஆயினும், கையில் கிடைத்த விதையை நெருக்கி ஊன்றிவிட்டுப் பின்னர் மழையைக் குறைகூறுவோரையும் நாம் காண்கிறோம். இடைவெளியை முடிவு செய்யுமுன் செடியின் சுபாவத்தை அறிந்துகொள்ளல் வேண்டும்.

பருத்தியில் கிளைகள் இருவகை. அடித்தண்டிலிருந்து கிளம்பி, தாமே தனிச்செடிபோல் மேல்நோக்கி வளர்வன ஒருவகை. பக்கவாட்டில் வளைந்து சென்று, கணுதோறும் சப்பை தாங்குவன மற்றொரு வகை. முதல்வகைக் கிளைகள் மிகுந்த ரகத்தை நெருக்கினால், தழைகள் பின்னிக்கொண்டு வெயிலும் காற்றும் அடியில் புகா; சப்பை உதிரும், அடிக்காய் அழுகும், மருந்தடிக்க ஆள் நுழையவும் வழியிராது. இன்று விற்பனையாகும் வீரிய ஒட்டுகளிற் பல இவ்வாறு படர்வனவே. அவற்றின் விதையை இருமடங்கு வாங்கி நெருக்குவது கடன் வாங்கிப் புதர் வளர்ப்பதாகும்.

கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2020-இல் வெளியிட்ட கோ 17 ரகம் வேறுவிதமானது. படரும் கிளையின்றி ஒடுங்கி வளர்வது. வயது 125 முதல் 135 நாள். வரிசைக்கு வரிசை 100 செ.மீ., செடிக்குச் செடி 10 செ.மீ. விட்டால் ஏக்கருக்குச் சுமார் 40,000 செடிகள் நிற்கும். 75-க்கு 30 என்ற இடைவெளியில் நிற்பவை 18,000 மட்டுமே. கணக்கிட்டுப் பாருங்கள்: பின்னதில் செடிக்கு 20 காய் பிடித்தால் 3,60,000, முன்னதில் 10 காயே பிடித்தாலும் 4,00,000. அக்காய்களும் ஏறக்குறைய ஒருங்கே வெடிப்பதால் பறிப்புக் கூலி குறையும்.

வரிசையையே நெருக்குவதும் உண்டு. விதர்ப்பாவின் ஆழமற்ற மானாவாரி நிலங்களுக்கு, சூரஜ் ரகத்தை 60-க்கு 10, 45-க்கு 10 என நெருக்கும் முறையை நாகபுரி மத்திய பருத்தி ஆராய்ச்சி நிலையம் வகுத்தது. அங்கே செடி உயர்வதை மண்ணே தடுத்துவிடும். ஈரமும் உரமும் மிகுந்த இறவை நிலத்தில் அவ்வாறு செய்தால் செடி வெளிச்சம் தேடி நெடிதுயரும். தழைச்சத்தைக் கட்டுப்படுத்தாதவர்கள் அம்முறையில் இறங்க வேண்டா.

கோ 17, சூரஜ் இரண்டும் வீரிய ஒட்டல்ல. ஆதலால் கலப்பின்றிப் பறித்து, மறுவருஷத்துக்கு விதை எடுத்து வைக்கலாம். அதே சமயம் அவற்றில் பி.டி. குணம் இல்லாமையால், காய்ப்புழுவை வாரந்தோறும் கவனித்தே ஆகவேண்டும். இங்கே பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு ஒரு வேலை உண்டு. ஒருவர் மட்டும் கடைசிப் பறிப்பானதும் மாரைப் பிடுங்கி, அடுத்த வயலில் அது மாதக்கணக்கில் நின்றால், புழு அங்கே தங்கி ஊருக்கே வரும். விதைப்பையும் மார் பிடுங்குவதையும் ஊர் முழுவதும் ஏறத்தாழ ஒரே வாரத்தில் முடிக்கும்படி, பஞ்சாயத்துக் கூட்டத்திலேயே நாள் குறித்துக்கொள்ளலாம்.